கடைசி விலை கேட்கும் முன்

கண்டிப் பக்கத்து ஊரான திகனவைத் தேடினால் இக்மன் விளம்பரத் தளத்தில் காணிகள் வரிசையாக வந்து நிற்கும். ராஜவெல்லவில் பத்து பேர்ச்சஸ், பல்லேகலையில் பதினைந்து, குண்டசாலையில் வீட்டோடு இருபது. இடையிடையே ஒரு வான், ஒரு முச்சக்கர வண்டி, மகன் வெளிநாடு போனதால் விற்கும் மோட்டார் சைக்கிள், இரண்டு வருடம் பாவித்த குளிர்சாதனப் பெட்டி. பல விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் ‘நெகோஷியபிள்’ என்றிருக்கும். பேசலாம், வாருங்கள் என்று விற்பவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அந்தக் கதவுக்குள் நுழையும் முதல் செய்தி அநேகமாக இதுதான்: ‘லாஸ்ட் எக கீயத?’ தமிழில் வந்தால் ‘லாஸ்ட் பிரைஸ் என்ன?’

வணக்கம் இல்லை, சலாம் இல்லை. பொருள் இன்னும் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை, எப்போது பார்க்க வரலாம் என்பதும் இல்லை. கண்டி மத்திய சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கக்கூட நாம் இப்படிப் பேசுவதில்லை. பழத்தைக் கையில் எடுக்கிறோம், புரட்டிப் பார்க்கிறோம், காம்பு கறுத்திருக்கிறது என்கிறோம், அதற்குப் பிறகுதான் விலைக்கு வருகிறோம். பல இலட்சம் பெறும் காணிக்கு மட்டும் மூன்றே சொற்களில் முடிவைக் கேட்கிறோம்.

இந்தக் கேள்வியால் நட்டப்படுவது கேட்டவர்தான். விற்பவர் தன்னோடு தானே பேரம் பேசி, தன் விலையைத் தானே உடைத்துத் தர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? கேட்பவர் முன்பின் தெரியாதவர், வருவாரோ மாட்டாரோ. இவருக்கு உண்மையான கடைசி விலையைச் சொல்லிவிட்டால், நேரில் வந்து நிற்கும்போது அதிலிருந்தும் இறங்கச் சொல்வார். ஆகவே கொஞ்சம் குறைத்து, கடைசி அல்லாத ஒரு கடைசி விலையைச் சொல்லி வைக்கிறார். வாங்குபவர் அதை முதல் விலையாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேரும் மனதில் இருப்பதை மறைத்த இடத்திலிருந்தே பேச்சு தொடங்குகிறது.

விலை கேட்பவர் தொகையைச் சொல்ல வேண்டும். அந்தத் தொகை ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். சரியென்றால் பணம் எந்த நாளில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் விலை கேட்பது என்று நான் எடுத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் விற்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது.

நடுவில் வெட்டும் பழக்கம்

இணையத்தில் மனிதர்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்பதைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவின் ஈபே தளத்திலிருந்து வந்தது. அங்கே வாங்குபவர் தொகையைக் குறிப்பிட்டுத்தான் கேட்க முடியும். விற்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், தன் பங்குக்கு இன்னொரு தொகை சொல்லலாம். அப்படி 25 மில்லியனுக்கும் அதிகமான விளம்பரங்களில் நடந்த பேச்சை மத்தியூ பக்கஸ், தோமஸ் பிளேக், பிராட் லார்சன், ஸ்டீவன் தடேலிஸ் ஆகிய நால்வரும் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்குகிறார், படிப்படியாக. கடைசியாகச் சொல்லப்பட்ட இரண்டு தொகைகளுக்கும் நடுவில் வெட்டும் விலையைச் சொல்லவும் ஏற்கவும் மக்கள் அதிகம் விரும்புகிறார்கள். கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மரக்கறி வாங்கும் எவருக்கும் இது புதிதில்லை. முகம் தெரியாத திரையிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீ ஒரு அடி வைத்தால் நானும் ஒரு அடி வைப்பேன் என்ற நியாய உணர்வு கைபேசிக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. ‘லாஸ்ட் பிரைஸ்’ என்று கேட்பவர் அந்த முதல் அடியை வைக்க மறுக்கிறார்.

நடுவில் வெட்டுவார்கள் என்று தெரிந்ததும் சிலருக்கு ஒரு யோசனை தோன்றும்: பாதி விலைக்குக் கேட்டால் நடுப்புள்ளி தன் பக்கம் வந்துவிடுமே! நா கூசாமல் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் வெட்டும் மனம் வருவதற்கு, எதிரில் இருப்பவர் உண்மையாகவே வாங்க வந்தவர் என்று விற்பவருக்குத் தோன்ற வேண்டும். பாதி விலை கேட்டவருக்கு நடுப்புள்ளி கிடைப்பதில்லை, பதிலே கிடைப்பதில்லை.

விற்பவர்களுக்கும் அதே ஈபேயில் ஒரு பாடம் உண்டு. பக்கஸ், பிளேக், தடேலிஸ் மூவரும் செய்த இன்னோர் ஆய்வில், நூறின் மடங்காக முழு எண்ணில் விலை போட்டவர்களுக்கு 5 முதல் 8 வீதம் குறைவான தொகைகளே வந்தன. ஆனால் அவை 6 முதல் 11 நாட்கள் முந்தி வந்தன; பொருள் விற்றுப்போகும் வாய்ப்பும் 3 முதல் 5 வீதம் கூடுதலாக இருந்தது. முழு எண்ணைக் கண்டதும் இவருக்கு விற்க அவசரம், இறங்குவார் என்று வாங்குபவர் ஊகிக்கிறார். பெரும்பாலும் ஊகம் சரியாகவும் இருக்கிறது. திகனவில் காணிக்கு 80 இலட்சம் என்று போடுபவரும் 78 இலட்சத்து 50 ஆயிரம் என்று போடுபவரும் தம்மை அறியாமலே இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்லிவிடுகிறார்கள். முதலாமவர் பேச்சுக்குத் தயார். இரண்டாமவர் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார், அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திரையில் இருப்பவை எல்லாம் கேட்கும் விலைகள். எந்த விலைக்குக் கைமாறியது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ராஜவெல்லவில் நான்கு பேர் பேர்ச்சஸ் ஏழு இலட்சம் என்று போட்டிருந்தால் அங்கே விலை ஏழு இலட்சம் என்று ஆகிவிடாது; ஏழு இலட்சத்துக்கு இன்னும் விற்காத காணி நான்கு இருக்கிறது என்று மட்டும்தான் ஆகும். மூன்று மாதமாக மீண்டும் மீண்டும் மேலே வரும் ஒரே விளம்பரம், நேற்றுப் போட்டு இன்று எடுக்கப்பட்ட விளம்பரம், இந்த இரண்டையும் கவனித்து வருபவருக்கே சந்தை நிலவரம் புரியும்.

பேர்ச்சஸ் கணக்கு

திகனவில் இவ்வளவு காணி விளம்பரம் ஏன்? கண்டியிலிருந்து தென்னகும்புர, குண்டசாலை, பல்லேகலை வழியாக மகியங்கனை போகும் வீதியில் பதினைந்து பதினாறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது இந்த ஊர். 1985 ஏப்ரலில் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். வீட்டையும் வயலையும் விட்டு மக்கள் மேலே ஏறினார்கள். திகன, ராஜவெல்லப் பக்கத்தில் புதிய குடியிருப்புகள் உருவாயின. பிறகு நீர்த்தேக்கமே அழகாயிற்று, அதன் ஓரத்தில் கோல்ஃப் மைதானம் வந்தது. பல்லேகலையில் தொழிற்பேட்டை, 2009 முதல் கிரிக்கெட் மைதானம். கண்டி நகரின் நெரிசலில் வீடு கட்ட இடம் கிடைக்காதவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மூழ்கிய ஊர்க்காரர்கள் விட்டுப்போன நிலத்துக்கு மேலே ‘நீர்த்தேக்கம் தெரியும் காணி’ என்பது இன்று கூடுதல் விலைக்கு ஒரு காரணம். அந்த மண்ணை விலை பேசும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

காணி விலை பேர்ச்சஸில் பேசப்படுவதால் ஒரு மயக்கம் வருகிறது. உதாரணத்துக்கு 12 பேர்ச்சஸ் காணி, பேர்ச்சஸுக்கு ஆறரை இலட்சம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 78 இலட்சம். வாங்குபவர் ஆறு இலட்சத்துக்குக் கேட்டால் 72. நடுவில் வெட்டினால் ஆறேகால், அதாவது 75 இலட்சம். பேர்ச்சஸுக்குப் பத்தாயிரம்தானே என்று இருவரும் இலேசாகச் சொல்லும் தொகை மொத்தத்தில் ஒரு இலட்சத்து இருபதாயிரம். பேர்ச்சஸிலும் பேசுங்கள், மொத்தத்திலும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது தொகையைக் கேட்கும்போது இருவர் குரலும் மாறும்.

அந்த 75 இலட்சத்தோடும் செலவு முடிவதில்லை. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை உண்டு: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 75 இலட்சத்துக்கு அது 2 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. வழக்கமாக வாங்குபவரே கொடுப்பது. நொத்தாரிசுக் கட்டணம் தனி. இதைக் கணக்கில் சேர்க்காமல் கையிலிருக்கும் கடைசி ரூபாவரை விலை கேட்டுவிட்டு, பிறகு ‘உறுதியில் குறைச்சு எழுதுவோமா?’ என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அது அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை மறைப்பது மட்டுமல்ல. பின்னொரு நாள் அந்தக் காணியை வங்கியில் வைக்கப் போகும்போதும், வழக்கென்று வரும்போதும், எழுதிய தொகைதான் கதை சொல்லும்.

விலைக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றேனே, காணியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பாதை பத்தடியா இருபதடியா? பாதைக்குப் போன இடமும் பேர்ச்சஸில் சேர்ந்திருக்கிறதா? தண்ணீர் இணைப்பு வாசல் வரை வந்திருக்கிறதா? சரிவு எவ்வளவு, தடுப்புச் சுவர் கட்ட வேண்டுமா? கண்டி மாவட்டத்தில் இந்தக் கடைசிக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவுகள் வீடுகளை மூடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். சரிவான காணியில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவைப்படும். அந்த அறிக்கை கையில் இருக்கும் காணியையும் இல்லாத காணியையும் ஒரே விலையில் வைத்துப் பேசவே கூடாது. 2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி தொடங்கி திகனவிலும் அனுரகம, ஹாரகமப் பக்கத்திலும் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. சில வீடுகளின் சுவர்கள் வெடித்தன. சுண்ணாம்புக்கல் அகழ்வா, நீர்த்தேக்கமா, நிலத்தடியின் இயல்பா என்று அப்போது பலவாறு பேசப்பட்டது. அந்தப் பக்கத்தில் பழைய வீடு வாங்குபவர் சுவர் வெடிப்பைக் காட்டி, ஒரு பொறியியலாளரின் மதிப்பீட்டோடு விலை குறைக்கக் கேட்டால் அது முழு நியாயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உறுதி. சின்னக்கர உறுதி என்றால் முழு உரிமை. அரச காணி அளிப்புப் பத்திரம் என்றால் கதை வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை உரிய அனுமதி இல்லாமல் விற்க முடியாது. குடியேற்றங்கள் நடந்த பகுதி என்பதால் இந்தக் கேள்வியை இங்கே கட்டாயம் கேட்க வேண்டும். பக்கத்துக் காணியைவிட ஒன்று மட்டும் அரை விலைக்குப் போகிறது என்றால் பேரத்தை நிறுத்திவிட்டு உறுதியின் பிரதியைக் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தேடல் செய்வித்த பிறகுதான் தொகையைப் பற்றிய பேச்சுக்கே பொருள் உண்டு.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வருபவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“நானா, காணியைப் பார்த்தேன். நல்ல இடம். பாதை பத்தடிதான், லொறி திரும்ப முடியாது. பின்பக்கம் சுவர் கட்டணும். பேர்ச்சஸ் ஆறு லட்சம்னா இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக்கலாம். பேங்க் லோன் இல்ல, கைக்காசு.”

“ஆறு சரிவராது தம்பி. தண்ணி லைன் நான் போட்டது. நீங்க காசோட வாறதால ஆறு நாப்பதுக்குத் தாறேன்.”

இதற்குப் பிறகு இருவரும் எங்கே வந்து நிற்பார்கள் என்பது அவர்கள் பாடு. பாதைக்கும் சுவருக்கும் ஒரு பெறுமதி, தண்ணீர் இணைப்புக்கு ஒரு பெறுமதி, கைக்காசுக்கு ஒரு பெறுமதி என்று பேச்சு நிலத்தில் கால் ஊன்றிவிட்டது.

வாகனமும் ஐந்து வருடமும்

வாகனச் சந்தையில் நாம் ஒரு விசித்திரமான காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா மட்டத்திலிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஓடி ஓடித் தேய்ந்த வாகனங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றன. காலையில் சொன்ன விலை மாலையில் செல்லாது என்று விற்பவர் சொன்னால் வாங்குபவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அந்த ஐந்து வருடமும் நம் பேரப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டன என்றே நினைக்கிறேன். விற்பவர்கள் இறங்கத் தேவையில்லாமல் பழகினார்கள். வாங்குபவர்கள் பொருளைப் பார்க்கும் முன்பே முற்பணம் போடப் பழகினார்கள், வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவாரே என்ற பயத்தில். அந்தப் பயத்தைத்தான் மோசடிக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சந்தை விலையைவிட நன்றாகக் குறைந்த விலையில் ஒரு வாகனம், வேறெங்கிருந்தோ எடுத்த அழகான படங்கள், ‘இன்னொருத்தர் பின்னேரம் வாறார், ஐம்பதாயிரம் போட்டா உங்களுக்கு வைக்கிறேன்’ என்று ஒரு குரல். பணம் போன பிறகு அந்த இலக்கம் வேலை செய்யாது. வாகனத்தையும் உரிமையாளரின் அடையாள அட்டையையும் பதிவுச் சான்றிதழையும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பார்க்காமல் ஒரு ரூபாகூட அனுப்பக் கூடாது. இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

வாகனத்தை விலை பேச உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர் ஒரு நல்ல மெக்கானிக். டயர் நான்கும் மாற்ற வேண்டும், ஹைபிரிட் பற்றரி பலவீனம், முன்பக்கம் ஒருமுறை அடிபட்டு வர்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்லும் ஒவ்வொன்றும் செலவுத் தொகையோடு வரும். அந்தத் தொகைகளைக் கூட்டிச் சொல்லுங்கள். ‘ஓட்டை வாகனம்’ என்று சொல்ல வேண்டாம். தன் வாகனத்தை ஒருவர் தன் கையால் கழுவித் துடைத்து வைத்திருப்பார். அதைப் பழித்தால் அவர் காசுக்காகப் பேசுவதை விட்டு மானத்துக்காகப் பேசத் தொடங்கிவிடுவார். லீசிங் மீதி எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்க வேண்டும். பேசிய விலையில் பாதி அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டியதாகவும் இருக்கலாம். வெறுமனே கையெழுத்திட்ட ‘ஓபன் பேப்பர்’ வாங்கிக்கொண்டு ஓட்டித் திரிவது இன்னும் இருக்கிறது. உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்காவிட்டால், விற்றவர் பெயரிலேயே அந்த வாகனம் விபத்திலும் வழக்கிலும் மாட்டும்.

அவசரத்தின் விலை

2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர்கள் தொழிலுக்காக வெளிநாடு போனார்கள். அப்போது விளம்பரங்களில் வந்து குவிந்த வாசகம், ‘வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை.’ கட்டில், அலுமாரி, தையல் இயந்திரம், பிள்ளையின் சைக்கிள். அந்த வாசகம் இன்றும் வருகிறது. அதைப் பார்த்தவுடன் வாங்குபவரின் கை தானாகவே விலையைக் கீழே இழுக்கிறது.

அவசரத்துக்கு ஒரு தள்ளுபடி உண்டு, அதை யாரும் மறுப்பதில்லை. விற்பவரும் எதிர்பார்த்தே இருக்கிறார். எதுவரை என்பதுதான் கேள்வி. நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய விடை இருப்பது பலருக்குத் தெரியாது. ரோமன் டச்சுச் சட்டம் வழியாக வந்த ‘லேசியோ எனோர்மிஸ்’ என்ற கோட்பாடு இலங்கையில் இன்றும் செல்லுபடியாகும். உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவான விலைக்கு ஒருவர் காணியை விற்றிருந்தால், அந்த விற்பனையை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்க அவருக்கு வழி உண்டு. பெறுமதி தெரிந்தே விற்றவருக்கு அந்த நிவாரணம் இல்லை. அறியாமல் ஏமாந்தவருக்குத்தான். இப்படி ஒரு கோட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ கிழித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பயணச்சீட்டு எடுத்துவிட்ட குடும்பத்திடம் ஐம்பதாயிரம் பெறும் தையல் இயந்திரத்தைப் பதினைந்தாயிரத்துக்குக் கேட்பவரை எந்த நீதிமன்றமும் கூப்பிடாது. ஆனாலும் அவர் அதைக் கேட்கக் கூடாது. இருபது வீதம் குறைத்துக் கேளுங்கள், இன்றே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், அந்த ‘இன்றே’ என்பது அவர்களுக்கு உண்மையான உதவி. அதற்கும் கீழே இறங்குவது பேரம் ஆகாது.

பேசிய விலைக்கு இருவரும் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டவர்கள்? காணியில், வட்ஸ்அப்பில் ‘சரி, 75’ என்று எழுதியதால் யாரும் கட்டுப்பட மாட்டார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதினால்தான் அது காணி விற்பனை. மின்னணுச் செய்திகளுக்குச் சட்ட ஏற்புக் கொடுத்த 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் காணி விற்பனையை வெளியிலேயே நிறுத்தியிருக்கிறது. மற்றப் பொருட்களுக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்: கையெழுத்திட்ட எழுத்து, விலையில் ஒரு பகுதி, அல்லது பொருளில் ஒரு பகுதி கைமாறியிருக்க வேண்டும். ஆகவே இந்தப் பொருட்களுக்கு விலை முடிந்தவுடன் ஒரு சிறு முற்பணமும், தொகை, மீதி, திகதி மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் போதும். விலை முடிந்த பிறகு வேறொருவர் ஒரு இலட்சம் கூடத் தருகிறார் என்று சொல்லி முதலாமவரைக் கைவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். முடித்த விலையை நேரில் வந்து இன்னும் பத்தாயிரம் குறைக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குற்றம்.

பெயரைப் பார்த்து

திகனவைப் பற்றி எழுதும்போது 2018 மார்ச்சைத் தாண்டிப் போக முடியாது. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். 5ஆம் திகதி திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கி எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன, வெறுப்புச் செய்திகள் அவற்றின் வழியாகவே பரவின என்பதால். அந்த மாத நடுப்பகுதியில்தான் தடை நீங்கியது. தன் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அதே பேஸ்புக்கில்தான் இன்று இந்த ஊரார் பொருள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். சிங்களவரின் முச்சக்கர வண்டியை முஸ்லிம் இளைஞர் விலை பேசுகிறார். முஸ்லிம் வீட்டுத் தளபாடத்தை மலையகத் தமிழ்க் குடும்பம் கேட்கிறது. பேச்சு சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறும், ‘ஐயே’ என்று ஆரம்பித்தவர் எதிரிலிருப்பவர் யாரென்று தெரிந்ததும் ‘நானா’ என்பார். கண்டிப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் இது இயல்பு.

ஆனால் அந்தத் தளத்தில் விலை கேட்கும் ஒவ்வொருவரின் பெயரும் படமும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. எதிரிலிருப்பவர் யாரென்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. இயன் ஐர்ஸ், மஹ்ஜரின் பனாஜி, கிறிஸ்டின் ஜோல்ஸ் ஆகிய மூவரும் ஈபேயில் பேஸ்போல் அட்டைகளை ஏலத்துக்கு விட்டார்கள். சில படங்களில் அட்டையைப் பிடித்திருந்தது கறுப்புக் கை, சிலவற்றில் வெள்ளைக் கை. கறுப்புக் கை பிடித்திருந்த அட்டைகள் ஏறத்தாழ 20 வீதம் குறைந்த விலைக்குப் போயின.  விலையை இறக்கியது கையின் நிறம்தான்.

நம் ஊரில் அப்படி ஒரு கணக்கை எடுத்தால் என்ன வரும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ‘சிங்களவருக்கு மட்டும்’, ‘முஸ்லிம்களுக்கு மட்டும்’, ‘தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்’ என்று வீட்டு வாடகை விளம்பரங்களில் பார்த்த வரிகள் நம் எல்லோருக்கும் தெரியும். எழுதாமலே பதில் சொல்லாமல் விடுவது அதைவிட இலகு. வட்ஸ்அப்பில் பார்த்ததற்கான இரண்டு நீலக் குறிகள் விழும், பதில் வராது. விலை போதாததாலா, பெயர் பிடிக்காததாலா என்று கேட்டவர் ஒருபோதும் அறிய மாட்டார்.

இதைத் தளங்களே மாற்ற முடியும். விலை கேட்கும் கட்டத்தில் தொகையும் காரணமும் பணம் வரும் நாளும் மட்டும் விற்பவருக்குப் போகட்டும். பார்க்க வாருங்கள் என்று அவர் சொன்ன பிறகு பெயரும் இலக்கமும் தெரியட்டும். விற்றதும் என்ன விலைக்கு விற்றது என்பதை, யார் வாங்கினார் என்பதைச் சொல்லாமல், விளம்பரத்தோடு காட்டலாம். இரண்டுக்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுவரை விற்பவர் கையில் ஒன்று இருக்கிறது: தொகை சொல்லிக் கேட்ட ஒவ்வொருவருக்கும், முடியாது என்றாலும், ‘இந்த விலைக்குச் சரிவராது’ என்று ஒரு வரி அனுப்பிவிடுவது. பொருள் போனதும் அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிடுவது.